கூட வருபவரின் பெயர்

யாருடைய வாயையும் நான் திறந்து பார்த்ததில்லை. இருந்தாலும் லண்டனில் பலருடைய கடைவாய்ப் பல்லில் என்ன அடைத்திருக்கிறது என்று ஒரு காலத்தில் எனக்குத் தெரியும். யார் கண்ணாடியை ரயிலில் மறந்துவிட்டுப் புதிதாக வாங்கினார், யாருக்குக் காது மந்தமாகிவிட்டது, யாருடைய முழங்காலை யார் பிடித்துவிட்டார் எல்லாம் தெரியும். தொழில் அப்படி.

இங்கே சில கம்பனிகள் தங்கள் ஊழியர்களின் மருத்துவச் செலவுக்கென்று வருடந்தோறும் ஒரு தொகையை ஒதுக்கி வைக்கும். ஹெல்த் அக்கவுண்ட் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஊழியர் முதலில் தன் கைக்காசைக் கட்டிவிட்டுப் பற்றுச்சீட்டை எங்களுக்கு அனுப்புவார். அது அந்தக் கணக்கிலிருந்து கொடுக்கக்கூடிய செலவா, இல்லையா என்று பார்ப்பது என் வேலை. கிராய்டனில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருந்து அதைப் பார்த்தேன். ஓய்வு பெற்று இப்போது தோர்ண்டன் ஹீத்தில் வீட்டோடு இருக்கிறேன்.

போன மாதம் ரேவதி தொலைபேசியில் அழைத்தாள். கோயம்புத்தூர்க்காரி. என் கடைசி வருடங்களில் பக்கத்து மேசையில் இருந்தவள், இப்போது அந்தப் பிரிவுக்கே தலைவி.

"அக்கா, இனிமே கிளெய்ம் எல்லாம் கம்ப்யூட்டர்தான் பாக்கப்போகுது. போட்டோ எடுத்து அனுப்பினா உடனே பதில் வந்துடும். ஆனா அதுக்குப் பழைய கேஸெல்லாம் சொல்லிக் கொடுக்கணும். புதுசா வந்தவங்களும் கேக்குறாங்க. உங்களைக் குழப்பின கேஸ் ஒண்ணு ரெண்டு, ஏன் அப்படி முடிவு பண்ணீங்கன்னு எழுதித் தர்றீங்களா?"

"எனக்கு நேரம் இருக்கோ எண்டு பாக்கவேணும்" என்றேன்.

அது சும்மா ஒரு எடுப்பு. எனக்கு நேரத்தைத் தவிர வேறொன்றும் மிச்சம் இல்லை. என் கணவர் சிவம் இறந்த பிறகு இந்த வீட்டில் தொலைபேசி அடிப்பதே அபூர்வம். மின்சாரக் கம்பனியை மாற்றச் சொல்லி ஒரு பெடியன் அவ்வப்போது அழைப்பான். நான் அவனோடு கதைக்கிற கதையில் அவனே ஏதாவது சாட்டுச் சொல்லி வைத்துவிடுவான்.

வேலை பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் கடையில் நின்றேன், மாலையில் படித்தேன், பிறகு இந்த அலுவலகத்தில் தபால் உறைகளைத் திறக்கிற வேலை கிடைத்தது. உறையைத் திறந்தவள் உள்ளே இருப்பதையும் வாசிக்கத் தொடங்கியதால் வேறு மேசைக்கு மாற்றினார்கள்.

அந்த மேசைக்கு மேலதிகாரி ஜேனட். பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்றார். என் வாய்க்கு அது வரவில்லை. நான் கடைசிவரை "மிஸ்" என்றேன், அவரும் கடைசிவரை சலிக்காமல் திருத்தினார். உயரமான பெண். சிரிப்பைக் கணக்குப் பார்த்துத்தான் செலவழிப்பார். ஒரு கிளெய்மில் எனக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்தில் வந்து நிற்பார், பற்றுச்சீட்டை என் கையிலிருந்து வாங்குவார், அதைப் படிக்காமல் மேசையில் குப்புறக் கவிழ்த்து வைப்பார்.

"இப்போது சொல். அந்த ஆளுடைய உடம்புக்கு என்ன நடந்தது?"

பல் பிடுங்கினார்கள். கண்ணை அளந்தார்கள். முதுகை அழுத்தி நேராக்கினார்கள். இப்படி ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். "அவருக்கு ஆறுதலாக இருந்தது" என்று இழுத்தால் அங்கேயே நிற்பார். அந்தக் கேள்வியைத் தாண்டிய பிறகுதான் மற்றவை: செய்தவர் பதிவு பெற்றவரா, சீட்டில் நோயாளியின் பெயரும் திகதியும் இருக்கிறதா, என்ன செய்தார்கள் என்று எழுதியிருக்கிறதா.

அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. "இல்லை" என்ற பதில் கடிதத்தில் போவதற்கு முன் நாங்கள் தொலைபேசியில் அழைத்துச் சொல்ல வேண்டும். திட்டு வாங்குவதும் சம்பளத்துக்குள் அடக்கம் என்பார். இது தவிர மீறவே கூடாத விதிகள் இரண்டு. யார் எதற்காகப் பணம் கேட்டார் என்பதை அவருடைய கம்பனிக்கு மூச்சுவிடக் கூடாது. எங்களுக்குத் தெரிந்தவருடைய கோப்பை நாங்கள் தொடக் கூடாது.

எங்கள் ஆட்களால் வந்த சோதனைகள் தனி. சவுத்தாலில் பேக்கரி வேலை செய்த ஒரு ஐயா, கோயிலில் செய்த அர்ச்சனைக்குச் சீட்டு அனுப்பினார். இடுப்பு வலி நீங்கச் செய்ததாம். நான் அதைக் குறும்புக்கு ஜேனட்டிடம் கொண்டுபோனேன். வழக்கம்போல் கவிழ்த்து வைத்தார்.

"உடம்புக்கு என்ன நடந்தது?"

"நெற்றியில் திருநீறு பூசினார்கள், மிஸ்."

"பூசியவர் பதிவு பெற்றவரா?"

நான் சிரிப்பை அடக்க முடியாமல் கழிவறைக்கு ஓடினேன். அவர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. பிறகு ஐயாவை அழைத்து விஷயத்தைச் சொன்னபோது அவருக்குப் பொல்லாத கோபம். "பிள்ளை, நீங்கள் கேட்ட எல்லா விபரமும் அதில கிடக்குது. பேர் கிடக்குது, திகதி கிடக்குது, என்ன செய்தது எண்டும் கிடக்குது. என்ர பல்லு டொக்டர் கூட நட்சத்திரம் போட்டுத் தரேல்லை!" என்றார். நியாயம்தான். அவ்வளவு ஒழுங்கான பற்றுச்சீட்டை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

ரேவதி கேட்டது குழப்பிய கேஸ். நான் எழுத நினைத்ததில் விதிப்படி ஒரு குழப்பமும் இல்லை. ஆனாலும் என்னை விட்டுப் போகாதது அது ஒன்றுதான். அவளைப் பரமேஸ்வரி என்று வைத்துக்கொள்வோம். உண்மையான பெயரை இப்போதும் சொல்லமாட்டேன்.

வந்தது மினிகாப் என்கிற வாடகைக் கார்க் கம்பனி ஒன்றின் சீட்டு. குட்மேய்ஸிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததும், அங்கே காத்திருந்ததும். சிகிச்சை என்ன என்ற இடத்தில் "சகோதரர்" என்று எழுதியிருந்தாள். போக்குவரத்துக்குக் கொடுக்க முடியாது என்பது வேலைக்கு வந்த முதல் நாளே சொல்லித்தருவது. ஜேனட்டின் பழக்கப்படி தொலைபேசியை எடுத்தேன். பஸ் இரைச்சலுக்குள் ஒரு மெல்லிய குரல் வந்தது.

"நீங்கள் அனுப்பின மினிகாப் றிசீற் பற்றித்தான் எடுத்தனான். போக்குவரத்துக்கு இதில குடுக்க ஏலாது."

"அது போக்குவரத்து இல்லை, அக்கா."

"வேற என்ன?"

"அண்ணைக்குக் குடுத்தது."

"எந்த அண்ணை?"

"எனக்கு அண்ணை இல்லை. அதுதான் குடுக்கவேண்டி வந்தது."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பஸ்ஸால் இறங்கி, ஒரு ஓரமாக நின்று அவளே விளக்கமாகச் சொன்னாள். சில மாதங்களாக மலத்தோடு இரத்தம் போகிறது. டொக்டர் குடலுக்குள் கமெரா விட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அரசாங்க ஆஸ்பத்திரி, சோதனைக்கு ஒரு சதமும் இல்லை. ஆனால் மயக்க ஊசி போட்டுத்தான் செய்வார்கள். ஊசி போட்டால் கூட்டிக்கொண்டு போகவும், மறுநாள் காலைவரை வீட்டில் கூட இருக்கவும் ஓர் ஆள் வேண்டும். ஆள் இல்லாததால் முதல்முறை ஊசி வேண்டாம் என்று சொல்லிப் படுத்தாள். வலி தாங்க முடியாமல் பாதியில் நிறுத்திவிட்டார்கள். இரண்டாம் முறை ஊசியோடு செய்வதற்கு நாள் கொடுத்தார்கள். அன்றைக்கு மினிகாப் ஓட்டி வந்த தமிழரை, போகும் வழியில் கெஞ்சிக் கேட்டு அண்ணனாக்கினாள்.

"அந்த மனுசன் நல்லவர். உள்ளுக்கு வந்து பக்கத்திலயே இருந்தவர். நேர்ஸ் வந்து, தங்கச்சியின்ர பேர் என்ன எண்டு அவரிட்டக் கேட்டவ. அவர் என்ர பக்கம் திரும்பி, 'அக்கா, உங்கட பேர் என்ன?' எண்டு கேட்டார்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். நேர்ஸுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் பெயரைக் கேட்டு வாங்குவது எந்த மொழியிலும் பார்த்தாலே தெரியும். இருவரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காத்திருந்ததற்குக் காசு வேண்டாம் என்ற சாரதியின் கையில் இவளே பிடிவாதமாகத் திணித்தாளாம். அடுத்த முறையும் ஆள் இல்லாமல் வந்தால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இதைச் சொன்ன பிறகு அவள் சிரிக்கவில்லை.

என்ன வேலை என்று கேட்டேன். முதியவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலை. குளிக்கவைத்து, சாப்பாடு கொடுத்து, தேவைப்பட்டால் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போய், மயக்கம் தெளியும்வரை பக்கத்தில் இருந்து கூட்டி வருவாள். கூட வருபவர் யார் என்று கேட்டிருக்கும் இடத்தில் அவள் பெயர் எத்தனையோ பேருடைய தாளில் இருக்கிறது.

"உங்களோட வேலை செய்யிற ஆரையாவது கேக்கலாமே?"

"வருத்தக்காரி, ஆஸ்பத்திரிக்குப் போறாள் எண்டு தெரிஞ்சால் ஷிப்டைக் குறைச்சுப்போடுவினம்."

"வாடகைக்கு இருக்கிற வீட்டில?"

"வீட்டுக்கார அன்ரிக்குச் சொன்னால் பின்னேரத்துக்குள்ள கதை பாரிசுக்குப் போயிடும். என்ர மகன் அங்க நிக்கிறான். விசா இல்லை, வர ஏலாது. வர ஏலாத பிள்ளைக்கு ஏன் சொல்லவேணும்?"

சீட்டை எடுத்துக்கொண்டு ஜேனட்டிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சீட்டைக் கவிழ்த்தார்.

"உடம்புக்கு என்ன நடந்தது?"

"ஒன்றும் நடக்கவில்லை, மிஸ். போனது போலவே திரும்பி வந்தது."

அன்றைக்கு அவர் "ஜேனட்" என்று திருத்தவில்லை. சீட்டை நிமிர்த்தி முதல்முறையாக முழுவதும் வாசித்தார். பிறகு விதிப்புத்தகத்தை எடுத்து இருவரும் விரல் வைத்து வரி வரியாகப் பார்த்தோம். போக்குவரத்து இல்லை. துணைக்கு ஆள் இல்லை. வீட்டில் இரவு தங்கிப் பார்ப்பது இல்லை. சிகிச்சை என்றால் கொடுக்கலாம், ஆனால் சிகிச்சைக்குத்தான் காசே தேவையில்லை. அவளுடைய கம்பனிக்கு ஒரு வார்த்தை சொன்னால் அவர்களே ஆள் அனுப்புவார்கள், துணைக்கு ஆள் அனுப்புவதுதான் அவர்கள் தொழில். அந்த ஒரு வார்த்தையைத்தான் நாங்கள் சொல்லக் கூடாது. சொன்னால் நாளைக்கு ஒருவரும் எங்களை நம்பி ஒரு சீட்டும் அனுப்பமாட்டார்கள்.

"அப்படியானால் இல்லை" என்றார் ஜேனட்.

"இல்லைதான்" என்றேன்.

விதிப்புத்தகத்தைக் கொண்டுபோய் அலுமாரியில் வைத்தார். திரும்பி வந்து என் மேசையின் விளிம்பில் கையை ஊன்றினார்.

"தேவகி, உனக்கு லீவு மிச்சம் இருக்கிறதா?"

"இருக்கிறது."

"எதற்கு எடுக்கிறாய் என்று நான் கேட்கப் போவதில்லை. ஆனால் எடுத்த பிறகு அவளுடைய கோப்பை நீ தொடக் கூடாது."

முதலில் "இல்லை" என்ற கடிதத்தை எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகுதான், நான் கூட வருகிறேன் என்று அவளிடம் சொல்லி நாளைக் கேட்டு, லீவுத் தாளை நீட்டினேன். அதிலும் போட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில்தான் பரமேஸ்வரியை முதன்முதலாகப் பார்த்தேன். என்னைவிட இளையவள், ஒடிசலானவள், கையில் ஒரு பழைய தோல்பை. நேர்ஸ் என்னிடம் என்ன உறவு என்று கேட்டார். என் தங்கை என்றேன். அவளுடைய பெயரைக் கேட்டார். முழுப்பெயரைச் சொல்லி, கேட்காமலே பிறந்த திகதியையும் சொன்னேன். கோப்பில் பார்த்துப் பார்த்துப் பாடமாகியிருந்தது. மினிகாப் அண்ணையைப் போல் அகப்படக் கூடாது என்று பரீட்சைக்குப் போகிறவள் போலத்தான் போயிருந்தேன்.

மயக்கம் தெளிந்து கண் திறந்தவள் முதலில் கேட்டது, "அக்கா, தேத்தண்ணி குடிச்சனீங்களோ?" தொழில் பழக்கம். குட்மேய்ஸ் வீட்டில் கதவைத் திறந்த அன்ரி என்னை மேலும் கீழும் பார்த்து "ஆர் இவ?" என்றார். "ஊரில தெரிஞ்ச அக்கா" என்று சொல்லிக்கொண்டே இவள் படியேறிவிட்டாள். மாடியில் ஒரு கட்டில், ஒரு கதிரை, ஒரு அலுமாரி. கதிரை எனக்கு. தன்னை ஒருத்தி பார்த்துக்கொள்வதை அவளால் பொறுக்க முடியவில்லை. நான் அந்தப் பக்கம் திரும்பினால் எழும்பிக் கேத்திலைப் போடுவாள்.

"படுங்கோ எண்டால் படுங்கோ! இண்டைக்கு நீங்கள்தான் வருத்தக்காரி" என்று அதட்டினேன்.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அக்கா, உங்களுக்கு இப்பிடி ஒண்டு வந்தால் ஆர் வருவினம்?"

"எனக்கு அவர் இருக்கிறார்" என்றேன்.

யோசிக்கவே இல்லை. அப்போது எனக்கு அது ஒரு கேள்வியே இல்லை. சிவம் அன்றைக்குக்கூட இரண்டு தரம் தொலைபேசியில் அழைத்து, சாப்பிட்டாயா என்று கேட்டிருந்தார்.

"ஓம், அது நல்லம்" என்றாள் பரமேஸ்வரி.

சில வாரங்கள் கழித்து அவள் அலுவலக இலக்கத்துக்கு அழைத்தாள். உள்ளே சின்னதாக ஒரு தசை வளர்ந்திருந்ததாம், அன்றைக்கே வெட்டி எடுத்துவிட்டார்கள். சோதித்ததில் கெட்டது ஒன்றும் இல்லை. விட்டிருந்தால் புற்றுநோயாக மாறியிருக்கலாம் என்றார்களாம். "ஒருநாளைக்கு வாங்கோவன் அக்கா, சமைச்சுத் தாறன்" என்றாள். வாறன் என்றேன். போகவில்லை. வேலை, வீடு, சிவத்துக்கு நெஞ்சு நோய் என்று நாள் போய்விட்டது. அவளுடைய கண்ணாடிக் கிளெய்ம் ஒருமுறை என் கோப்புக் கட்டுக்குள் வந்தது. பெயரைக் கண்டவுடனே திறக்காமல் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட்டேன். விதி சரியானதுதான். திறந்திருந்தால் அவள் கேட்ட எதற்கும் நான் ஓம் என்றிருப்பேன். பிறகு அவள் அந்தக் கம்பனியை விட்டுவிட்டாள் போலிருக்கிறது, அந்தப் பெயர் எங்களிடம் வருவது நின்றுவிட்டது. சிவம் போன பிறகு ஒருநாள் குட்மேய்ஸுக்குப் போய்ப் பார்த்தேன். அந்த வீட்டில் வேறு ஆட்கள். அவளை அவர்களுக்குத் தெரியாது. பாரிசில் மகனோடு இருக்கிறாள் என்று நானாக நினைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

ஆகவே ரேவதி, உன் கம்ப்யூட்டருக்கு எழுதிக்கொள். மினிகாப், இல்லை. காத்திருப்பு, இல்லை. கூட இருக்க ஆள், இல்லை. அது சரியாகத்தான் சொல்லும், நானும் அதையேதான் எழுதினேன். ஆனால் அந்த இல்லையைச் சொல்வதற்கு முன் ஒரு போன் எடுக்க வேண்டும். அதை யார் எடுப்பது என்று நீங்கள் எல்லோரும் கூடிப் பேசி முடிவு செய்யுங்கள்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத்தான் நினைத்தேன். ஆனால் போன கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நேர்ஸ் அழைத்தார். அதே கமெராச் சோதனை, இம்முறை எனக்கு. உணவு, மருந்து, ஒவ்வாமை எல்லாம் கேட்டுவிட்டு, கூட வருபவரின் பெயர் என்ன என்றார்.

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று அவர் "ஹலோ, ஹலோ" என்றார். மனதுக்குள் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவத்தின் தம்பி கனடாவில். பக்கத்து வீட்டுப் பெண் பகல் முழுவதும் வேலையில். கோயிலில் எத்தனையோ பேர் "எப்பிடி அக்கா?" என்று கேட்பார்கள், "நல்லம்" என்பேன், அதற்கு மேல் அவர்களோடு எனக்குப் பழக்கம் இல்லை. கடைசியில், ஊசி இல்லாமலே செய்யுங்கள் என்றேன். ஊசி இல்லாமல் எப்படி இருக்கும் என்று பரமேஸ்வரி எனக்குச் சொல்லியிருக்கிறாள். நேர்ஸ் நல்ல பிள்ளை. அந்த இடத்தை நிரப்பாமல் விடுகிறேன், திங்கட்கிழமைக்குள் யாராவது கிடைத்தால் சொல்லுங்கள் என்றார்.

வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்கு இல்லை என்று சொல்லிச் சம்பளம் வாங்கியவள் நான். அதே வார்த்தையை இன்னொருவர் வாயால் கேட்கப் பயந்து, தொலைபேசியில் அழைத்து உன்னிடம் இதைக் கேட்கவில்லை, எழுதுகிறேன். நான் தனியாக இருக்கிறேன், ரேவதி. எனக்குப் பயமாக இருக்கிறது.

வருகிற செவ்வாய்க்கிழமை. உன் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தால் போதும். இரவு இங்கே நிற்க வேண்டியிருக்கும், அறை இருக்கிறது, சோறும் கறியும் முதல்நாளே சமைத்து வைப்பேன். என் முழுப்பெயரும் பிறந்த திகதியும் கீழே எழுதியிருக்கிறேன், பாடமாக்கிக்கொள். நேர்ஸ் கேட்கும்போது திரும்பி என்னைக் கேட்காதே.

உனக்கு லீவு மிச்சம் இருக்கிறதா?